யாரும் அனுப்பாமல் போன ஹைன்ரிஷ்

பிளாவன் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தால் பெயர் யோசிக்கிற வேலையே கிடையாது. எல்லாருக்கும் ஹைன்ரிஷ்தான். அப்பா ஹைன்ரிஷ், மகன்கள் அத்தனை பேரும் ஹைன்ரிஷ், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் ஹைன்ரிஷ். புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் தங்கள் முன்னோருக்குச் செய்த உதவிக்கு நன்றியாக வந்த வழக்கம் என்பார்கள். இன்றைய ஜெர்மனியில் சாக்சனியும் துரிங்கியாவும் ஒட்டிக்கொள்ளும் பகுதிதான் இவர்களுடைய பூர்வீகம். பழைய ஆவணங்களைப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் நான் சொல்லப்போகும் கதையிலேயே இரண்டு ஹைன்ரிஷ் ஃபொன் பிளாவன்கள் வருகிறார்கள், இருவரும் டியூட்டானிக் சபை என்ற ஒரே துறவறப் போர்ச் சபையில், ஒரே காலத்தில், ஒருவர் செய்த காரியத்துக்கு இன்னொருவர் பெயரும் சேர்ந்து கெடுகிற மாதிரி.

நான் பேசப்போவது மூத்தவரைப் பற்றி. 1370 வாக்கில் பிறந்தார், 1429இல் இறந்தார். நடுவில் ஒரு நாட்டைக் காப்பாற்றினார், அதற்குத் தலைவரானார், அப்புறம் அவர் காப்பாற்றியவர்களே அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். இவருடைய வீரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. கீழ்ப்படிதலை அஸ்திவாரமாக வைத்துக் கட்டிய ஒரு சபை, தன் உயிர் போகிற நேரத்தில், யாருடைய உத்தரவுக்கும் காத்திராத ஒரு மனிதரால் பிழைத்தது. பிழைத்த பிறகு அந்த உண்மையை அதனால் ஜீரணிக்கவே முடியவில்லை. இந்த மனிதரை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதற்காகத்தான்.

சிலுவைப்போர் என்றதும் நம்மில் பலருக்கு டெம்ப்ளர் சபை வீரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். வெள்ளை அங்கியில் கறுப்புச் சிலுவை போட்ட டியூட்டானிக் சபைக்காரர்களை வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தொடக்கம் என்னவோ மிக எளிமையானது. 1190இல் பாலஸ்தீனக் கடற்கரையில் ஆக்கர் நகரத்தை முற்றுகையிட்டிருந்த படையில் காயம்பட்டும் நோய்ப்பட்டும் கிடந்த ஜெர்மானியர்களைப் பார்த்துக்கொள்ள, ப்ரெமன், லூபெக் ஊர்களிலிருந்து வந்த வணிகர்கள் கப்பல் பாயை எடுத்துக் கூரையாகக் கட்டி ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். 1198இல் அது போர்ச் சபையாக மாறியது. 1220களில் போலந்தின் மசோவியா பிரபு கோன்ராட், தன் எல்லையில் தொல்லை கொடுத்த பிரஷ்யப் பழங்குடிகளை அடக்க இவர்களைக் கூப்பிட்டார். வந்தார்கள், அடக்கினார்கள், திரும்பிப் போகவில்லை. அந்தப் பிரஷ்யர்கள் 1260இல் தொடங்கி பல ஆண்டுகள் எழுந்து நின்று சண்டை போட்டும் நசுக்கப்பட்டார்கள். அவர்கள் பேசிய மொழி 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குள் பேச ஆளில்லாமல் போயிற்று. மேலே சொல்லப்போகும் எல்லாவற்றையும் படிக்கும்போது இதை மறக்காமல் இருந்தால் நல்லது. பிளாவனுக்காக நான் கொஞ்சம் இரக்கப்படுவேன், சபைக்காக இல்லை.

1291இல் ஆக்கர் விழுந்தது. தலைமையகம் வெனிசுக்குப் போய், 1309இல் பால்டிக் கடலோரப் பகுதியில் மரியன்பர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. இன்று அது போலந்தில் மால்போர்க். கதான்ஸ்க்கிலிருந்து ரயிலில் போனால் விஸ்துலாவைத் தாண்டி, அப்புறம் நோகாத் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது ஜன்னல் முழுக்கச் செங்கல்லாக நிற்கும். 1945இல் பாதிக்கு மேல் நொறுங்கி, பிறகு பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கட்டியது என்று தெரிந்தாலும் அந்த முதல் பார்வை ஆளை அடித்துத்தான் போடுகிறது.

சரி, இந்தச் சபையில் ஒரு வீரன் எப்படி வாழ்ந்தான்?

சேர வருகிறவனிடம் முதலில் கேள்விகள். வேறு சபையில் வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறாயா, மனைவி உண்டா, மறைத்து வைத்த நோய் உண்டா, கடன் உண்டா, யாருக்காவது அடிமையா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னால், சபை தன் பங்குக்கு என்ன தரும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும்: தண்ணீர், ரொட்டி, பழைய துணி. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள். பெரும்பாலானவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத சின்னப் பிரபுக்களின் பிள்ளைகள், சொத்தில் பங்கு வராத இளையவர்கள். அதனால் பரலோக மந்திரத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்ய ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். லத்தீன் செபம் ஓதத் தெரியாதவன் அதற்குப் பதிலாக நள்ளிரவுச் செபத்துக்கு 13 பரலோக மந்திரம், மாலைச் செபத்துக்கு 9, மற்ற வேளைகளுக்கு 7 சொன்னால் போதும்.

எல்லாரும் ஒரே கூடத்தில், விளக்கு எரிய, உடுத்த உடையோடு தூங்க வேண்டும். பெட்டிக்குப் பூட்டு கூடாது. ஞாயிறு, செவ்வாய், வியாழன் இறைச்சி, திங்கள், புதன், சனி முட்டையும் பால் பொருள்களும், வெள்ளிக்கிழமை ஒருசந்தி. சாப்பிடும்போது பேச்சு இல்லை, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கடிவாளத்திலும் சேணத்திலும் தங்கம், வெள்ளி கூடாது. பெண்களை முத்தமிடக் கூடாது, பெற்ற தாயையும் கூடப் பிறந்தவளையும்கூட. பொழுதுபோக்கு வேட்டை கிடையாது, ஆனால் ஓநாய், காட்டுப்பூனை, கரடி, சிங்கம் இவற்றை வேட்டைநாய் இல்லாமல் துரத்தலாம். இந்தச் சிங்கத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. விதிகளை எழுதியது பாலஸ்தீனத்தில். பனி கொட்டும் பிரஷ்யக் காட்டில் அலைந்தவனுக்கு அந்த அனுமதியால் என்ன பயன்?

தப்பு செய்தவனுக்கு ஓராண்டு தண்டனை என்று ஒன்று இருந்தது. அங்கியிலிருந்து சிலுவையைக் கழற்றிவிட்டு, வேலைக்காரர்களோடு உட்கார்ந்து, தரையில் சாப்பிட வேண்டும். போரில் கொடியை விட்டு ஓடியவனுக்கோ சபையிலேயே இடம் கிடையாது.

தனி மனிதனுக்கு இவ்வளவு ஏழ்மை, சபைக்கோ சொத்துக்குக் கணக்கே இல்லை. பால்டிக் கடலோரத்தில் சாம்லாண்டுக் கரையில் ஒதுங்கும் அம்பர், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசின், முழுவதும் அவர்களுடையது. கரையில் பொறுக்கியவன் ஒப்படைத்தாக வேண்டும், ஒளித்து வைத்தால் குற்றம். அந்த அம்பர் லூபெக்குக்கும் ப்ரூஷுக்கும் போய் செபமாலை மணியாக உருண்டது. தானிய வியாபாரம் தனி. வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள மரியன்பர்க்கிலும் கோனிக்ஸ்பர்க்கிலும் சபைக்கென்று அதிகாரிகள் இருந்தார்கள். 1399 முதல் 1409 வரையிலான மரியன்பர்க் கருவூலக் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. பாட்டுக்காரர்களுக்குக் கொடுத்த காசு, விருந்தாளிகளுக்கு அனுப்பிய பரிசு எல்லாம் அதில் வரி வரியாகப் பதிந்திருக்கிறது. பழைய துணி, தண்ணீர் என்று சொன்ன வாய்தான்.

விருந்தாளிகள் என்று சொன்னேன் இல்லையா, அது ஒரு விசித்திரமான ஏற்பாடு. கிறிஸ்தவத்துக்கு வராத லித்துவேனியா மீது சபை கோடையிலும் குளிரிலும் படையெடுக்கும். குளிர்காலம் சௌகரியம், சதுப்பு நிலமெல்லாம் உறைந்து குதிரை போகும். அதில் கலந்துகொள்ள இங்கிலாந்து, பிரான்ஸ் என்று எல்லா ஊரிலிருந்தும் பிரபுக்கள் வருவார்கள், ஊரை எரிப்பார்கள், ஆள் பிடிப்பார்கள், மரியாதை விருந்து சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி ஆனவரும் 1390இல் வந்து போனார். நம்முடைய ஹைன்ரிஷும் 1391இல் இப்படி விருந்தாளியாகத்தான் முதலில் வந்தார். வந்தவர் ஊர் பிடித்துப்போய்ச் சபையில் சேர்ந்தார். டான்சிக் (இன்றைய கதான்ஸ்க்) கோட்டையில் சின்னப் பொறுப்புகள், 1402இல் நெசாவ் கோட்டைக்கு கோம்ட்டூர், அதாவது கோட்டைத் தலைவர், 1407இல் ஷ்வெட்ஸ் கோட்டைக்கு. அங்கே இருந்தவரைக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒழுங்காக வேலை பார்த்த நடுத்தர அதிகாரி, அவ்வளவுதான்.

இதற்கிடையில் சபையின் பிழைப்பில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. 1386இல் லித்துவேனியாவின் யோகைலா ஞானஸ்நானம் பெற்று, போலந்து அரசி யாத்விகாவை மணந்து, வ்வாதிஸ்வாவ் யாகியெல்லோ என்ற பெயரில் போலந்து மன்னராகிவிட்டார். யாரை மதம் மாற்றுவதற்காக இருக்கிறோம் என்று சொன்னார்களோ அவர்களே மாறிவிட்டார்கள். அப்படியானால் சபைக்கு இனி என்ன வேலை? இந்தக் கேள்வியை மரியன்பர்க்கில் யாரும் வாய்விட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. ஞானஸ்நானமே பொய் என்று சொல்லிக்கொண்டு படையெடுப்பைத் தொடர்ந்தார்கள்.

1410 ஜூலை 15, தானன்பெர்க். போலந்துக்காரர்களுக்கு அது கிருன்வால்ட். சபைத் தலைவர் உல்ரிஷ் ஃபொன் யுங்கிங்கன், மரத்தடியில் நின்றுகொண்டிருந்த யாகியெல்லோவுக்கு இரண்டு வாள் அனுப்பிச் சண்டைக்கு வரச் சொல்லிச் சீண்டினார். மாலைக்குள் உல்ரிஷ் செத்துக் கிடந்தார், அவரோடு மேல்மட்ட அதிகாரிகளில் பெரும்பாலோரும் 200க்கும் மேற்பட்ட சபைச் சகோதரர்களும். அந்தச் செய்தி பரவிய வேகத்தில் கோட்டை கோட்டையாகச் சரணடைந்தன. டான்சிக், எல்பிங், தோர்ன் நகரங்களும் ஆயர்களும் போலந்து மன்னருக்கு விசுவாசம் சொன்னார்கள்.

பிளாவன் போர்க்களத்தில் இல்லை. மேற்குப் பக்க எல்லையைக் காவல் காக்கச் சொல்லி அவரை ஷ்வெட்ஸில் விட்டிருந்தார்கள். கொடுத்த வேலையைப் பார்த்தபடி அங்கேயே இருந்திருந்தால் விதிப்படி அவர் மேல் யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. புது உத்தரவு தர மேலே அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. அவர் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு நேராக மரியன்பர்க்குக் கிளம்பினார். நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டர் போல இருக்கும். யாகியெல்லோவோ வழியில் சரணடைந்தவர்களை வாங்கிக்கொண்டு, நிதானமாகப் பத்து நாள் கழித்து வந்து சேர்ந்தார். அந்தப் பத்து நாள்தான் எல்லாமே.

கோட்டைக்குள் வந்ததும் பிளாவன் செய்த முதல் பெரிய காரியம், கோட்டையை ஒட்டியிருந்த மரியன்பர்க் ஊரைக் கொளுத்தியது. எதிரி வீடுகளுக்குள் மறைந்துகொண்டு சுவரை நெருங்கக் கூடாது என்பதற்காக. ஊர் மக்களை உள்ளே சேர்த்துக்கொண்டார். டான்சிக்கிலிருந்து 400 மாலுமிகள் வந்து சேர்ந்தார்கள். மிச்சமிருந்த சகோதரர்கள் அவரையே தற்காலிகப் பொறுப்பாளராக ஏற்றார்கள். முற்றுகை ஜூலை 26 தொடங்கி செப்டம்பர் 19 வரை நடந்தது. சபையிடமிருந்தே பிடித்த பீரங்கிகளை வைத்துச் சபையின் சுவரை அடித்தார்கள். கோடைகால உணவுக்கூடத்தின் மொத்த விதானத்தையும் நடுவில் ஒரே ஒரு தூண் தாங்குகிறது. உள்ளே இருந்த துரோகி ஒருவன் ஜன்னலில் சிவப்புத் தொப்பியைத் தொங்கவிட்டுக் குறி காட்ட, எல்லாத் தலைகளும் கூடியிருந்த நேரம் பார்த்து அந்தத் தூணைக் குறிவைத்துக் கல்குண்டு வந்தது, மயிரிழையில் தவறிச் சுவரில் பதிந்தது என்று ஒரு கதை. கல்குண்டை இன்றும் சுவரில் காட்டுகிறார்கள். தொப்பிக் கதையை நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஒற்றைத் தூணுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இப்படி ஒரு கதை கட்டாமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம் என்று தோன்றுகிறது.

முற்றுகையிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு. வடக்கே லிவோனியாவிலிருந்து சபையின் கிளைப் படை வேறு வந்துவிட்டது. லித்துவேனியப் பிரபு வித்தௌதாஸ் முதலில் கிளம்பினார், அப்புறம் மன்னரும். நவம்பர் 9 அன்று பிளாவனைச் சபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கேயே படத்தை முடித்திருந்தால் நல்ல படம். ஆனால் 1411 பிப்ரவரி 1 தோர்ன் உடன்படிக்கை வந்தது. நிலத்தில் பெரிய இழப்பு இல்லை. சிறைப்பட்டவர்களை மீட்கவும் கோட்டைகளைத் திரும்பப் பெறவும் ஒரு லட்சம் ஷாக் பொகீமிய வெள்ளிக் காசு தர வேண்டும் என்றார்கள். ஷாக் என்பது அறுபது, ஆக 60 லட்சம் காசு. வெள்ளிப் பாத்திரங்களை உருக்கினார்கள், வரி போட்டார்கள், மறுபடியும் வரி போட்டார்கள்.

டான்சிக் வரி கொடுக்க மறுத்தது. அங்கே கோம்ட்டூராக இருந்தவர்தான் நம்முடைய இரண்டாவது ஹைன்ரிஷ் ஃபொன் பிளாவன், மூத்தவரின் இளைய உறவினர். 1411 ஏப்ரல் 6 அன்று மேயர் கோன்ராட் லெட்ஸ்காவ், அர்னோல்டு ஹெக்ட், நகரமன்ற உறுப்பினர் பார்த்தலோமியுஸ் க்ரோஸ் மூவரையும் பேச்சுவார்த்தைக்கு என்று கோட்டைக்குள் அழைத்துக் கொன்றுபோட்டார். மரியன்பர்க்கைக் காக்க மாலுமிகள் வந்தது இதே ஊரிலிருந்துதான், ஓராண்டுகூட ஆகவில்லை. மூத்தவர் இதற்கு உத்தரவிட்டாரா இல்லையா என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம் பட்சம். சின்னவரை அவர் பதவியிலிருந்து எடுக்கவில்லை, எனக்கு அது போதும்.

அதே மனிதர்தான் 1412இல் பிரபுக்களையும் நகரத்தாரையும் சேர்த்து ஒரு நாட்டு ஆலோசனை மன்றம் கூட்டினார். பணம் வேண்டுமென்றால் பணம் உள்ளவனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று புரிந்திருக்கிறது. கழுத்தையும் வெட்டுவார், பக்கத்தில் நாற்காலியும் போடுவார். இந்த முரண்பாட்டை நேராக்க முயலும் வரலாற்றாசிரியர்கள்மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அவருக்கு இரண்டுமே ஒரே காரியத்துக்கான வழிகளாகத் தெரிந்திருக்கும்: பணம் வர வேண்டும், படை வேண்டும், யாகியெல்லோவோடு கணக்குத் தீர்க்க வேண்டும்.

சகோதரர்கள் களைத்துப்போயிருந்தார்கள். 1413 இலையுதிர்காலத்தில் பிளாவன் உடல்நலமில்லாமல் படுத்திருந்தபடியே போலந்து மேல் படையெடுக்க உத்தரவிட்டார். படையை நடத்த வேண்டியவர் சபையின் மார்ஷல், அதாவது படைத்தலைவர், மிஹாயெல் க்யூஹ்மைஸ்டர். இவர் 1410 அக்டோபரில் கொரொனோவோ சண்டையில் போலந்துக்காரர்களிடம் சிறைப்பட்டு மீண்டவர், அந்தப் பக்கத்துப் பலம் என்ன என்று அனுபவித்துத் தெரிந்தவர். எல்லையைத் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் படையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். உத்தரவை மதிக்கவில்லை. சபையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அவரும் சொன்னார், அதைத் தப்பென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தண்டிக்கப் போன பிளாவனையே அக்டோபர் 14 அன்று பதவி நீக்கினார்கள். அடுத்த ஜனவரியில் க்யூஹ்மைஸ்டர் சபைத் தலைவர் ஆனார்.

முதலில் பிளாவனுக்கு எங்கல்ஸ்பர்க் என்ற சின்னக் கோட்டையைக் கொடுத்தார்கள். அவர் கேட்டதாகவே சொல்கிறார்கள். பிறகு சின்ன ஹைன்ரிஷ் போலந்துப் பக்கம் ஓடிவிட, மூத்தவரும் எதிரியோடு சதி செய்தார் என்று குற்றம் சாட்டிச் சிறை வைத்தார்கள். மரியன்பர்க்கைக் காத்தவர் யாகியெல்லோவோடு சேர்ந்து சதி செய்தாராம். டான்சிக்கில் கொஞ்ச காலம், பிரஷ்யாவிலேயே இருந்த பிராண்டன்பர்க் கோட்டையில் பல ஆண்டுகள். க்யூஹ்மைஸ்டர் எந்த அமைதிக்காக இவரைக் கவிழ்த்தாரோ அந்த அமைதி வரவில்லை. 1414 கோடையிலேயே யாகியெல்லோ படையோடு வந்து வயலையெல்லாம் பாழாக்கிவிட்டுப் போனார். கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய கொன்ஸ்டான்ஸ் பொதுச்சங்கத்தில் போலந்து அறிஞர் பவ்வெல் வ்வோத்கோவிட்ஸ், வாளைக் காட்டி மதம் மாற்றுவது நியாயமே இல்லை என்று சபையைக் கிழித்துக்கொண்டிருந்தார். 1422இல் க்யூஹ்மைஸ்டரும் களைத்துப்போய்ப் பதவியை விட்டார்.

அதன் பிறகு பிளாவனின் காவல் கொஞ்சம் தளர்ந்தது. சாம்லாண்டுக் கடற்கரையில் லோஷ்டெட் கோட்டைக்கு மாற்றினார்கள். அம்பர் கணக்கைப் பார்க்கும் அதிகாரி உட்கார்கிற இடம் அது. சாப்பாடு போதவில்லை, குடிக்கத் தரவில்லை என்று அங்கிருந்து அவர் எழுதிய முறையீடுகள் உண்டு. தண்ணீர், ரொட்டி, பழைய துணி என்ற பேச்சுக்குச் சம்மதித்துச் சேர்ந்தவர்தானே என்று அந்தக் கடிதங்களைப் பெற்றவர்கள் நினைத்திருக்கலாம். 1429இல் அந்தச் சின்னக் கோட்டைக்கே அவரைப் பொறுப்பாளராக ஆக்கி மரியாதையை ஒரு மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் முடிவதற்குள் இறந்தார். உடலை மரியன்பர்க்குக் கொண்டுபோய், சபைத் தலைவர்களைப் புதைக்கும் புனித அன்னாள் சிற்றாலயத்தில் வைத்தார்கள்.

கோட்டைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1454இல் பிரஷ்ய நகரங்களும் பிரபுக்களும் சபையை எதிர்த்து எழுந்து போலந்து மன்னரிடம் போனார்கள். முன்னணியில் நின்றது டான்சிக், அந்த ஏப்ரலை அவர்கள் மறந்திருப்பார்களா என்ன? சபையில் சண்டை போடச் சொந்த ஆள் போதவில்லை, பொகீமியக் கூலிப்படையை வைத்தார்கள், சம்பளம் கொடுக்க முடியாமல் மரியன்பர்க்கையே அவர்களிடம் அடகு வைத்தார்கள். கூலிப்படை அதை ஏறத்தாழ 190,000 தங்கக் காசுக்கு விற்றுவிட்டது. 1457இல் உள்ளே நுழைந்தவர் நான்காம் கசிமிர், யாகியெல்லோவின் மகன். கோட்டை போன பிறகும் ஒட்டியிருந்த ஊர் மட்டும் மேயர் பார்த்தலோமியுஸ் ப்ளூமே தலைமையில் சபைக்காகவே 1460 வரை தாக்குப் பிடித்தது. பிளாவன் கொளுத்திய அதே ஊர். விழுந்ததும் ப்ளூமேவுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள்.